தர்சோனோ மறந்த எர்த் வயர்

நோன்பு மாதம் தொடங்கிய மறுநாளே, தையல் கூடத்து ராட்சத விசிறிகள் அத்தனையையும் தர்சோனோ நிறுத்திவிட்டார்.

இந்தோனேசியாவின் உங்காரான் ஊரில் இருந்த அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மின்சார வேலைகளை அவர்தான் கவனித்தார். தகரக் கூரை. அதன் கீழே பல வருஷம் வெந்த பெண்களுக்கு அப்போதுதான் அந்த விசிறிகள் வந்திருந்தன. ஒவ்வொரு இறக்கையும் ஆளைவிட நீளம். முதல் முறை சுழன்றபோது, அவர்களில் ஒருத்தியான சுத்தினா மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி, கழுத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சுகம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

"எர்த் வயர் கொடுக்க மறந்துட்டேன். அது இல்லாம ஓட்டக் கூடாது" என்றார் தர்சோனோ.

ஒவ்வொரு விசிறியிலிருந்தும் தரைக்குத் தனி வயர் இழுக்க வேண்டுமாம். மாட்டிய ஆட்கள் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார்களாம். அவர்கள் திரும்பும்வரை பொறுக்கச் சொன்னார்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்தார். யாருக்கும் பாவமாக இல்லை.

"பச்சைத் தண்ணி குடிக்காம உட்கார்ந்திருக்கோம். இத்தனை நாள் ஓடுச்சே, யாராவது செத்தா போனோம்?" என்று கேட்டாள் சுத்தினா.

"ஒருத்தி செத்த பிறகு கொடுக்கிறதுக்கா அந்த வயர்?" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

அடுத்த மெஷினில் இருந்த வர்சித்திக்குத்தான் வாய் நீளம். "வீட்டுக்கு வழி மட்டும் மறக்கிறதே இல்ல பாரு" என்றாள் அவர் காதுபட. கூடமே சிரித்தது.

அந்த மாதம் முழுக்க அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டே தைத்தார்கள். நோன்பு திறக்கும் நேரம் மெஷின்களுக்கு நடுவே துணி விரித்து, தேங்காய்ப்பால் மணக்கும் வாழைப்பழக் கோலாக்கைப் பகிர்ந்து குடித்தார்கள். அவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவர் ஜெனரேட்டர் அறை வாசலில் தனியாக உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றார்.

பெருநாளுக்கு முன்பே வயர் வந்தது, காற்றும் வந்தது. ஆனால் ஓய்வு பெறும்வரை அவரோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெருநாள் முடிந்ததும் பழைய தோழிகள் யார் வீட்டிலாவது கூடுவார்கள். இந்த வருஷம் சுத்தினா வீட்டில். மெஷின் எண்ணெய் வாசனை, ரேடியோவோடு சேர்ந்து பாடிய பாட்டுகள் என்று பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அந்த வெக்கை மாதத்துக்கே வந்து நின்றது.

"ஒருத்திக்கு ஒருத்தி அட்டையால விசிறிக்கிட்டோமே, அந்தக் காத்து இப்ப ஏசியிலகூட வரல" என்றாள் சுத்தினா.

அப்போதுதான் தர்சோனோ வந்தார். சுத்தினாதான் அழைத்திருந்தாள். மெலிந்து, கைத்தடி ஊன்றி வந்தவரின் கையைப் பற்றி, பெருநாள் வழக்கப்படி ஒவ்வொருத்தியாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

வர்சித்தி மட்டும் பிடித்த கையை விடவில்லை. தோள் குலுங்கியது.

"போய்ச் சாப்பிடும்மா, ஆறிடப் போகுது" என்று அவள் தலையைத் தொட்டார் அவர்.

சமையலறையில் சுத்தினா அவளை மடக்கினாள். "நாமெல்லாம்தான் கிண்டல் பண்ணினோம். நீ மட்டும் எதுக்கு இப்படி அழறே?"

வர்சித்தி முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் மெஷின் பக்கத்துத் தூண்ல விசிறியோட இரும்புப் பெட்டி இருந்துச்சில்ல. விசிறியை நிறுத்தின அன்னிக்கு அதைத் தொட்டேன் அக்கா. கரண்ட் கையை வெட்டி இழுத்துடுச்சு. நான்தான் ஓடிப்போய் அவர்கிட்ட சொன்னேன். அவர் திறந்து பார்த்தா, மாட்டினவங்க எர்த்தே கொடுக்கல."

"அப்போ மறந்தது அவர் இல்லையா?"

"இல்ல. இவளாலதான் காத்து போச்சுன்னு நீங்கல்லாம் என்னை ஒதுக்கிடுவீங்கன்னு பயந்தேன். என் பேரைச் சொல்லிடாதீங்கன்னு அழுதேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"'நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன், நீ போய் உட்காரு. அவங்க என்னைத் திட்டும்போது நீயும் சேர்ந்து திட்டும்மா, இல்லேன்னா உன்மேல சந்தேகம் வந்துடும்'னாரு."