மிச்சமான ஸ்க்ரூ

ஊர் ஊராகப் பாலம் கட்டி ஓய்வு பெற்ற இன்ஜினியர் அருளாளன் தொண்ணூற்றொரு வயதில் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, அலமாரியில் அவர் ஸ்க்ரூ போட்டுவைத்த பழைய ஊறுகாய் பாட்டிலுக்குக் கவலை வந்துவிட்டது.

"இனிமே என்னை எதுக்கு வச்சிருக்கப் போறாங்க? தூக்கிப் போட்டுடுவாங்க."

மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் சிரித்தது. "அவர் கட்டின பாலத்துல ஒரு போல்ட்டுகூட மிச்சமானதில்லையாம். வீட்டுல மட்டும் எதைக் கழற்றி மாட்டினாலும் ஒரு ஸ்க்ரூ மிச்சம். என்னோடதே உன் வயித்துல எத்தனை கிடக்கோ."

"ஒவ்வொரு தடவையும் 'இது கம்பெனிக்காரன் அதிகமா போட்டது'ன்னு சொல்லித்தான் எனக்குள்ள போடுவார்" என்றது பாட்டில். "அவர் சம்சாரம் கோமதியம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க."

"அடுத்த மாசமே நான் மறுபடி கடகடப்பேன். வீடே என் கீழே கூடிடும். ஒருத்தர் டார்ச் அடிக்க, ஒருத்தர் ஸ்டூலைப் பிடிக்க, ஒரே கூத்துதான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் கடகடத்தது. சுவிட்சை அணைத்துவிட்டு மகள் மங்கை ஸ்டூலில் ஏறினாள். அவளும் இன்ஜினியர்தான். தம்பி ஸ்டூலைப் பிடித்தான், கோமதியம்மா டார்ச் அடித்தார். கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு மங்கை இறங்கியபோது, அவள் உள்ளங்கையில் ஒரு ஸ்க்ரூ இருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"இது கம்பெனிக்காரன் அதிகமா போட்டதும்மா" என்றாள் மங்கை.

கோமதியம்மா வாயைப் பொத்திக்கொண்டே போய் பாட்டிலின் மூடியைத் திறந்தார்.