வலிதாங்கி

முதல் குற்றம்: பல் முளைக்கும் வயதில் குழந்தையின் நாக்கு நுனியில் ஒரு துண்டு காணாமல் போனது.

இரண்டாவது: இஸ்திரிப் பெட்டியில் உள்ளங்கை வெந்தது.

மூன்றாவது: எலும்பு முறிந்த காலோடு குழந்தை நடமாடியது. வீங்கிய பிறகுதான் தாய் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாள்.

நான்காவது: இத்தனை நடந்தும் குழந்தை அழுது அக்கம்பக்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அப்படியென்றால் வாயைப் பொத்தியிருக்கிறாள்.

வரிசை பிசகாமல் வாசித்து முடித்து, வலிதாங்கி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆயிரம் துண்டறிக்கை எழுதிய கை. குற்றப் பத்திரிகை சோடை போகுமா?

குழந்தைகள் நலக் குழுவின் அறை அது. எதிர் நாற்காலியில் இருந்தவள் அவருடைய சொந்த மருமகள். மடியில் நான்கு வயதுப் பேரன், காலில் மாவுக்கட்டோடு.

மகனுக்குக் கப்பலில் வேலை. தட்டிக்கேட்க வீட்டில் வேறு ஆளில்லை என்று மாமனாரே புகார் கொடுத்துவிட்டார். சாட்சிக்கு, ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பழைய தோழர்கள் இருவர். 'வலிதாங்கி' அந்தச் சங்கம் கொடுத்த பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. புகாரிலும் பட்டத்தைத்தான் போட்டிருந்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் குழுத் தலைவி.

"நான் அடிக்கலை மேடம். இவனுக்கு வலி தெரியாது. பிறவியிலேயே அப்படி."

வலிதாங்கி சிரித்தார். "கேட்டீங்களா கதையை? வலியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான்மா தெரியும்!"

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாத டாக்டர் இல்ல மேடம். குழந்தை டாக்டர், 'ஊசி போட்டாக்கூட அழல, சமர்த்து'ன்னு கன்னத்தைத் தட்டி அனுப்பிட்டார். எலும்பு டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பல் டாக்டர், அடுத்த தடவை போலீஸைக் கூப்பிடுவேன்னார். அலையா அலைஞ்சு, வெளியூர்ல ஒரு நரம்பு டாக்டரம்மாவைக் கண்டுபிடிச்சேன். அவங்கதான் இது என்னன்னு சொன்னாங்க. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கு. முடிவு வர மூணு மாசமாகும்."

"அதுவரைக்கும் குழந்தையைக் காப்பகத்துல வைக்கிறதுதான் முறை."

மருமகள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "காப்பகத்துலயா? சுட்டாலும் குத்தினாலும் இவனுக்குத் தெரியாது. தினம் தூங்க வைக்கிறதுக்கு முன்னாடி விரல் விரலா, பல் பல்லா நான் பார்க்கணும். அங்க யார் பார்ப்பாங்க? டாக்டரம்மாகிட்டயே கேளுங்க மேடம்."

டாக்டரம்மாவை அழைத்து, செல்போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள்.

"ரொம்ப அபூர்வமான நோய் இது" என்றது போன். "சில குடும்பங்கள்ல பரம்பரையா வரும், ஒரு தலைமுறையைத் தாண்டியும் வரும். சொந்தத்துல இன்னொருத்தருக்கு இருந்தா, முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்காம நான் இன்னைக்கே எழுதிக் கொடுத்துடுவேன். பையனோட அம்மாகிட்ட முன்னாடியே கேட்டேன்."

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்றாள் மருமகள், அவசரமாக.

"பரம்பரையா?" சங்கத்தின் பழைய பொருளாளர் துள்ளி எழுந்தார். "யார் பரம்பரையைப் பத்தி யார் பேசுறது? தடியடியில தோள்பட்டை எலும்பு உடைஞ்சும் ரெண்டு மணி நேரம் மேடையில முழங்கினவர்ம்மா எங்க தலைவர்! ஒரு முனகல் உண்டா?"

"ஜெயில்ல மரத்துப்போற ஊசிகூடப் போடாம கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க" என்றார் மற்றவர். "வாயைத் துடைச்சுக்கிட்டு, பல்லு பிடுங்கினவன்கிட்டயே 'உனக்கு ஓவர்டைம் கிடைக்குதா'ன்னு கேட்டார் தோழர்!"

"ஊர்வலத்துல கால்ல ஆணி ஏறிடுச்சு. ரத்தத்தைப் பார்த்து நாங்க சொல்ற வரைக்கும் கோஷத்தை நிறுத்தல!"

போன் குறுக்கிட்டது.

"அவர் அங்க இருக்காரா?"

"இங்கேதான் இருக்கேன். கேளுங்க." வலிதாங்கி நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஐயா, உங்களுக்குத் தலைவலி வந்திருக்கா?"

"எனக்கா? ஒரு நாள்கூடக் கிடையாது!"

"பல்வலி? சுளுக்கு?"

"அதெல்லாம் மன உறுதி இல்லாதவங்களுக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டார். பேரன் மாவுக்கட்டுக் காலால் மேசையை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இடிக்கும் சிரித்தான். வலிதாங்கி அதையே பார்த்தார்.

"போதும், இன்னைக்கே எழுதிக் கொடுத்துடுறேன்" என்றது போன். குழுத் தலைவி மருமகள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"கொதிக்கிற பாத்திரத்தை மாமா வெறுங்கையால இறக்குவார். வீரம்னு நினைச்சேன். இவன் பிறந்தப்புறம் புரிஞ்சுது."

"பின்னே ஏம்மா மறைச்சீங்க?"

"டாக்டரம்மா பேச்சே போதும்னு நினைச்சேன். நீங்க பிள்ளையைத் தூக்க வந்திருந்தா சொல்லியிருப்பேன்." அவள் குரல் தாழ்ந்தது. "மாமா இத்தனை வருஷத்துல சம்பாதிச்சது அந்தப் பேர் ஒண்ணுதான் மேடம்."

தோழர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

தலைவி பேனாவை எடுத்தார். "பேர் வேண்டாம். 'குடும்ப உறுப்பினர் ஒருவர்'னு எழுதிக்கிறேன்."

"கூடாது." வலிதாங்கி எழுந்து நின்றார். "இவ மேல குற்றத்தை நாலு பேர் கேட்கத்தானே வாசிச்சேன்? இதையும் நாலு பேர் கேட்க வாசிங்க. என் சாட்சிங்க காதுல விழணும்."

தலைவி எழுதி முடித்து, ஒரு முறை தயங்கி, உரக்க வாசித்தார்:

"தாய் மீது குற்றமில்லை. குழந்தைக்கு இருப்பது பிறவியிலேயே வலி அறியாத நோய். இக்குடும்பத்தில் அதே நோயுள்ள மூத்தவர்: வலிதாங்கி."