லலிதா பாடிய பாட்டு

“டீச்சரம்மா, சக்கரவர்த்தி பிறந்தநாள் போட்டிக்குக் கலெக்டர் தொரையே வர்றாரு. ராஜபக்திப் பாட்டுல எம்பொண்ணு லலிதாதான் ஜெயிக்கணும்,” என்றார் ஆம்பூர் போலீஸ் இன்ஸ்பெக்டர் பரசுராமன்.

“நானே சொல்லித்தர்றேன் சார்,” என்றாள் போட்டியை நடத்திய ரத்தினம்மாள்.

போட்டியன்று லலிதா மேடையேறினாள். அந்நியர் ஆட்சி அழியட்டும் என்று கணீர்க் குரலில் பாடினாள். கலெக்டர் முகம் சிவக்க எழுந்து போய்விட்டார்.

பரசுராமன் ரத்தினம்மாளிடம் பாய்ந்தார். “என் வேலைக்கே உலை வெச்சிட்டியே! இன்னா பாட்டு இது? எவன் எழுதினான்?”

“என் வீட்டுக்காரரு. போன வருஷம் கடைத்தெருவுல இதைப் பாடினாருன்னு நீங்கதான் லத்தியால அடிச்சே கொன்னீங்க.”

லலிதா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு உங்க பொண்ணு பாடியிருக்கா,” என்றாள் ரத்தினம்மாள். “அடிங்க சார்.”