சார்ந்தவை: ஒன்று

வலங்கைமானில் வீட்டிலிருந்தபடி, லினக்ஸ் கணினிகளுக்கு, மற்ற நிரல்கள் சார்ந்து இயங்கும் ஜாவா லைப்ரரிகளைத் தொகுத்துத் தருபவள் மதிவதனி. சோர்ஸ் கோடு, அதாவது எழுதியவரின் மூல நிரல், இல்லாத எதையும் அவள் சேர்க்கமாட்டாள். அன்று நாற்பத்தொரு லைப்ரரிகள் இருக்கவேண்டிய பட்டியலில் நாற்பத்திரண்டு இருந்தது. கூடுதலாக வந்ததற்குச் சோர்ஸ் இல்லை. அழித்தாள், திரும்ப வந்தது. நெட்டைத் துண்டித்துவிட்டு அழித்தாள், அப்போதும் வந்தது.

“விட்டுடு மதி, ஒண்ணுதானே. ரெண்டு பேருக்கும் டீ போடறேன்” என்று கணவன் தமிழ்மாறன் அடுப்படிக்குப் போனான்.

“எங்கேருந்து வந்துதுன்னு தெரியாத எதுவும் என் கையால உள்ள போகாதுங்க.”

அதை அடியோடு நீக்கக் கணினிக்குக் கட்டளையிட்டாள். இதைச் சார்ந்தவையும் சேர்ந்தே நீங்கும் என்றது கணினி. சார்ந்தவை: ஒன்று. மதிவதனி.

“போகட்டும்” என்று சொல்லி, ‘சரி’யை அழுத்தினாள்.

திரையில் நாற்பத்தொன்று என்று வந்தது. தமிழ்மாறன் ஒரே ஒரு டம்ளரோடு வந்து, கணினி முன்னிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே வயலைப் பார்த்தபடி குடித்தான்.