முதல் வரிசையில் சனான்

"சனான் அண்ணே, எழுந்திருங்க. இது முதல் வரிசை" என்றாள் ஊர்த்தலைவி ராத்ரி.

"தெரியும்மா. அதனாலதான் வெயிலுக்கு முன்னாடியே வந்து இடம் பிடிச்சேன்."

"மந்திரி மேடையில உட்கார்ந்ததும் அவர் கண்ணு நேரா உங்க மேலதான் விழும்."

"விழட்டுமே. புதுச் சட்டைதான் போட்டிருக்கேன்."

பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "மாமியார் வீட்டுக்கு அனுப்பி வெச்சவராச்சே, மரியாதை செய்ய வேண்டாமா?"

புத்தர் கோயில் மைதானமே சிரித்தது. சனானும் சேர்ந்து சிரித்தார்.

இந்த ஊர்க் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டராக வேலையைத் தொடங்கிய அதிரேக், தாய்லாந்து போலீசுக்கே தலைவராகி ஓய்வு பெற்றவர். மூன்று வாரத்துக்கு முன் அமைச்சராகிவிட்டார். மாற்றலாகிப் போன பிறகு ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவர், இன்றைக்குத்தான் வருகிறார்.

அவரை ஊருக்கு அடையாளம் காட்டியதே சனான்தான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் சனான் படகு மோட்டார் திருடன். ஒரு வெள்ளக் காலத்தில், பட்டப்பகலில், மோட்டாரும் கையுமாக மாட்டி, அதைப் போட்டுவிட்டு வாய்க்காலில் குதித்தார். யூனிபார்மோடு பின்னாலேயே குதித்தார் அதிரேக். ஊர் ஓடி வந்து பார்த்தபோது இரண்டு பேரும் சேற்றில் கட்டிப் புரண்டு கரையேறிக்கொண்டிருந்தார்கள்.

அதிரேக்குக்கு மெடல், பதவி உயர்வு. சனானுக்கு ஒன்றரை வருஷம் ஜெயில்.

வெளியே வந்த சனான் மோட்டார் ரிப்பேர் கடை போட்டார். "கழற்றத் தெரிஞ்சவனுக்கு மாட்டத் தெரியாதா?" என்பார். இன்று ஊரில் பாதிப் படகு அவர் கைபட்டு ஓடுவதுதான். ஆனாலும் பெயர் என்னவோ 'மோட்டார் திருடன் சனான்'தான்.

ராத்ரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. டிவிக்காரங்க வர்றாங்க. அந்தக் கதையைத்தான் நம்ம டீச்சருங்க நாடகமாப் போடுறாங்க. நிஜத் திருடனே எதிர்ல உட்கார்ந்திருந்தா மந்திரிக்கு எப்படி இருக்கும்?"

"திருடன் வேஷம் யாருக்கு?"

"கணக்கு வாத்தியாருக்கு."

"அந்தத் தொப்பைக்கா? அநியாயம்மா! நான் அப்ப விலாங்கு மீன் மாதிரி இருப்பேன்."

சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மைதானத்தின் கோடியில் நூடுல்ஸ் வண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அமைச்சர் வந்தார். மல்லிகை மாலை விழுந்தது. நாடகம் தொடங்கியது.

ஒட்டுமீசை வைத்த டிரில் மாஸ்டர், "எங்கடா ஓடுறே?" என்று கர்ஜித்தபடி மேடையிலிருந்து மெத்தை மேல் பாய்ந்தார். கணக்கு வாத்தியாரின் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. வண்டிப் பக்கம் இருந்து விசிலடித்தது சாட்சாத் சனானேதான்.

அமைச்சர் மட்டும் தட்டவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"அந்தச் சனான் இப்போ எங்கே இருக்கார்?" என்று ராத்ரியிடம் கேட்டார்.

அவள் பதறி எழுந்தாள். "ஐயா, நாங்க கூப்பிடலை. அவரா வந்துட்டார். பின்னாடிதான் நிக்கறார்... போகச் சொல்லிடறேன்."

"வேண்டாம். மேடைக்குக் கூட்டிட்டு வாங்க."

இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்கள். கிண்ணமும் கையுமாக நின்ற சனான் அவர்களைப் பார்த்ததும், "அட, மறுபடியுமா? இந்த நூடுல்ஸுக்குக் காசு கொடுத்தாச்சுப்பா, வேணும்னா வண்டிக்கார அம்மாவைக் கேளுங்க!" என்றார்.

இந்த முறை அவ்வளவாக யாரும் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சுமா பழி தீர்க்கணும்? பாவம்ய்யா" என்றது, சற்றுமுன் கேலி செய்த அதே குரல்.

மேடையேறிய சனான் கை கூப்புவதற்குள் அமைச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சனான் அவர் காதோரம் குனிந்து, "வேண்டாங்க. இப்பத்தான் மந்திரி ஆகியிருக்கீங்க. பழசு எதுக்கு? நான் யார்கிட்டயும் வாயைத் திறந்ததில்லை, இனியும் திறக்க மாட்டேன்" என்றார்.

"தெரியும். நீங்க திறக்காததால்தான் நான் இந்த ஊருக்கே வரலை."

அமைச்சர் மைக்கை எடுத்தார். ராத்ரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாடகம் ரொம்பப் பிரமாதம். டிரில் மாஸ்டரோட பாய்ச்சல் என்னைவிட நல்லாவே இருந்தது. ஒரே ஒரு தப்புதான். அந்தத் தப்பும் உங்களுடையது இல்லை. மெடலைச் சட்டையில குத்தினப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேனே, என்னுடையது."

சனான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அமைச்சர் நிறுத்தவில்லை.

"அன்னைக்கு இவர் அக்கரை ஏறித் தப்பிச்சுட்டார். நடு வாய்க்கால்ல தண்ணி குடிச்சு மூழ்கிட்டிருந்த போலீஸ்காரனைப் பார்த்ததும், மாட்டிக்குவோம்னு தெரிஞ்சே திரும்பிக் குதிச்சு, தலைமுடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவர் இந்தச் சனான்."