கதவோரம் நாலு வாஷிங் மெஷின்

"மேடம், இந்த ரூட்டை முழிச்சுக்கிட்டுதான் போட்டீங்களா?"

வேன் டிரைவர் தாளை மேஜைமேல் போட்டான். ரூட் மேடம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்த வண்டி எந்தத் தெருவுக்கு எந்த வரிசையில் போக வேண்டும், எந்தச் சரக்கை எங்கே அடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கிடங்கில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"என்ன சார் குறை?"

"போற வழியிலயே பதினோரு வீடு இருக்கு. அதையெல்லாம் தாண்டிப் போய், ஊர்க்கோடியில இருக்கிற கடையில நாலு வாஷிங் மெஷினை இறக்கணுமாம். அப்புறம் வந்த வழியே திரும்பி, வீடுகளுக்குப் பார்சல் கொடுத்துட்டு, வண்டியை ஷெட்ல விட மறுபடியும் ஊர்க்கோடிக்கே போகணுமாம். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரி!"

"முதல்ல இறக்குறது கதவோரம் இருக்கணும். அதான் மெஷினைக் கடைசியா ஏத்தச் சொன்னேன்."

"பன்னிரண்டு கிலோமீட்டர் கூட ஆகுதே!"

"வண்டிதானே ஓடுது? நீங்களா ஓடுறீங்க?"

சரக்கு ஏற்றுகிறவர்கள் வெளியே சிரித்தார்கள். "ஜெயிச்சுட்டு வாண்ணே, டீ என் செலவு!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதமாக இடுப்பில் சுருக் சுருக்கென்று வலி. குனிந்தால் உயிர் போகிறது. பாரம் தூக்க முடியாதவனுக்கு இங்கே வண்டிச் சாவி கிடையாது. அதனால் யாரிடமும், வீட்டில்கூட, அவன் மூச்சு விடவில்லை. இந்தச் சுற்று வழியில் நேரமாகிப் பார்சல் மிஞ்சினால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். குட்டு வெளிப்பட்டுவிடும்.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"காலையிலேயே ஆரம்பிச்சாச்சா ரெண்டு பேரும்? டீசல் எதுக்கும்மா கூடச் செலவாகுது?"

"அந்தக் கடையில இறக்குற ஆளுங்க ஒன்பது மணி வரைக்கும்தான் சார் இருப்பாங்க. அப்புறம் போனா இவர் ஒத்தையா இறக்கணும். மெஷின் அடி வாங்கும்."

"ஐயோ, மெஷின் முக்கியம்!" மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சு வருஷமா ஒத்தையாத்தானே இறக்குறேன்? ஒரு கீறல் விழுந்திருக்கா?"

அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. கதவோரம் இருந்தா அந்த ஆளுங்களே இழுத்துக்குவாங்க, நீங்க குனிய வேண்டாம். பதினோரு வீட்டுக்கும் ஒரு கையில தூக்குற பார்சல்தான். நேரத்தையும் ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், ஒண்ணும் மிஞ்சாது."

அவன் திருதிருவென்று விழித்தான். "நான் குனியக் கூடாதுன்னு... யார் சொன்னது?"

"சட்டையில தைல வாசம் வராம நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க. நாம ரெண்டு பேரும் போர்த்திக்கிற போர்வையை மறந்துட்டீங்களே, சார்!"