வருகைப் பாட்டு

சனிக்கிழமைத் திருமணத் திருப்பலிக்குப் பாட்டுகளைத் தெரிவு செய்ய, பாடகர் குழுத் தலைவி மெற்றில்டாவும் ஓர்கன் வாசிக்கும் அருளப்பு மாஸ்ரரும் குருநகர்க் கோயிலின் மேல்மாடியில் இருந்தார்கள்.

"நன்றிப் பாட்டை நாலு குரலிலை பாடுங்கோ. வருகைப் பாட்டு ஆறுதலாப் போகவேணும். பொம்பிளை மெதுவாத்தான் நடப்பா," என்றார் மாஸ்ரர்.

"ஓம் மாஸ்ரர். ஆனா சனிக்கிழமை பிரகாஸ்தான் வாசிப்பான்."

மாஸ்ரரின் முகம் வாடிப்போனது.

"அவன் அந்தரப்பட்டு வாசிப்பான், பிள்ளை. பொம்பிளை பாதி வழி வரமுதல் பாட்டு முடிஞ்சிடும். இந்தக் கோயிலிலை நான் வாசிக்காத கலியாணம் இருக்கோ? உன்ரை கலியாணத்துக்கும் நான்தானே வாசிச்சனான்!"

"அதுக்கு இப்ப என்ன செய்யிறது? ஃபாதரும் பிரகாஸ் எண்டுதான் சொல்லிப்போட்டார்."

"அந்த ஒரு பாட்டையாவது எனக்குத் தா."

மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"நீங்கள் மேலை இருந்து வாசிச்சா, அப்பா செத்ததிலையிருந்து தனிச்சிருந்த என்ரை அம்மாவுக்குக் கீழை ஆர் தாலி கட்டுறது?"

மாஸ்ரர் வெட்கத்தோடு தலையைக் குனிந்தார்.

"பாட்டு முடிஞ்ச உடனை இறங்கி ஓடிவந்திடுவன், பிள்ளை."